கொட்டாங்குச்சி யார் பக்கம்

தலையையும் வலது கையையும் பாறை இடுக்குக்குள் விட்டு, மீதி உடம்பை வெளியே கிடத்தி, குப்புறப் படுத்தபடியே சுமலதா போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் பாறைமேல் கிடந்தது. எதிர்முனையில் அவர் கணவர் பொன்னுசாமி. புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை. ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ இன்னா வேணா சொல்லு, அந்த குக்கர் எனக்கு வாணாம்" என்று இடுக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. பிறகு கை வெளியே வந்தது. கையில் கொட்டாங்குச்சி நிறையத் தண்ணீர். அதைப் பக்கத்திலிருந்த மஞ்சள் கேனில் ஊற்றிவிட்டுக் கை மறுபடி உள்ளே போயிற்று. குக்கர் விவகாரம் முடிவதற்குள் கேன் நிறைந்துவிட்டது.

இடுக்குக்குள் இருப்பது ஒரு சுனை. ரெட்டவாய்ச் சுனை என்று பெயர். லாரி அளவுப் பாறை ஒன்று இரண்டு சின்னப் பாறைகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அதன் அடியில் ஒரு குழி. பாறையின் உள்ளே எங்கிருந்தோ கசிந்து வரும் தண்ணீர் அதில் சேர்கிறது. குழிக்குக் கிழக்கே ஒரு வாய், மேற்கே ஒரு வாய். எந்தப் பக்கம் போனாலும் படுத்துத்தான் மொள்ள வேண்டும். ஆடு உள்ளே போக இடமில்லை. குரங்கு போகும் என்பதால் இரண்டு வாயிலும் காரைமுள்ளை வெட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். சுமலதாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "திருவண்ணாமலைலேர்ந்து சார். பூமிக்குள்ளாறயே வருது." நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வௌவால் வாடை அடித்தது. "தித்திப்பா இருக்குது இல்ல?" என்றார். தலையாட்டி வைத்தேன்.

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் சீட்டு வாங்கி ராஜகிரியில் ஏறி, மூச்சு வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் பார்க்காத குன்றுகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ. எல்லாமே யாரோ டிப்பரில் ஏற்றி வந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி உருண்டைப் பாறைகள். இடையிடையே காரை, சூரை, கள்ளி, எங்கே மண் கிடைத்தாலும் வேலிக்காத்தான். சிங்கவரத்தைத் தாண்டி இருக்கும் எருமைப்பாறையும் அப்படி ஒன்றுதான். காலை பத்து மணிக்கு மேல் அதில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. எனக்குச் சர்க்கரை, நடக்கச் சொன்னார் டாக்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தால் என் நடை போண்டாக் கடையில் முடிந்துவிடுகிறது என்பதை வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் வண்டியில் சிங்கவரம் வரை போய் எருமைப்பாறையில் ஏறி இறங்குகிறேன். மேலே போண்டா கிடையாது. சுமலதா உண்டு.

வயது நாற்பத்தைந்து இருக்கும். நைட்டி, அதன்மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, காலில் ஆண்கள் போடும் பெல்ட் செருப்பு. கழுத்தில் தாலிச்சரட்டோடு இயர்போன் கம்பியும் பின்னிக் கிடக்கும். தலைமுடிக்கு மாதம் தவறாமல் சாயம் பூசுகிறார். நான் ஒருமுறை தெரியாத்தனமாக அதைக் கவனித்துவிட்டேன். "இன்னா சார் பாக்கறீங்க? ஆடு மேய்க்கறவ நரச்ச தலையோடதான் இருக்கணுமா?" என்றார். அதிலிருந்து நான் பாறைகளைத்தான் பார்க்கிறேன்.

மலைமேல் டவர் நன்றாகக் கிடைக்கும். ஊருக்குள்தான் கிடைக்காது. ஆடுகளை மேய விட்டுவிட்டு நிழலான பாறையில் சாய்ந்து அவர் வீடியோ பார்க்கத் தொடங்கினால் மதியம் வரை பார்ப்பார். சமையல், சாமியார், நகைக்கடை, யாரோ யாரையோ அறைவது, எதுவும் விலக்கில்லை. நடுநடுவே தலையைத் தூக்காமலே ஒரு கல்லை எடுத்து எறிவார். அது சரியாக வழி தவறிய ஆட்டின் முன்னால் போய் விழும், அல்லது எங்கேயோ விழும். பெரும்பாலும் எங்கேயோதான்.

ஆடுகளுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் பெயர். பிடிக்காத சொந்தக்காரர்கள் என்று திருத்திச் சொல்ல வேண்டும். கிடா, கணவரின் பெரியப்பா பச்சமுத்து. சினையாக இருக்கும் கறுப்பு ஆடு, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் மஞ்சு. இதனால் ஒரு வசதி. "ஏண்டீ மஞ்சு, உனக்கு இன்னா கேடு? ஆக்கி வெச்சத துன்னுட்டு அடுத்தவ சட்டியில வாய வெக்கறியே, வெக்கமா இல்ல?" என்று மலை அதிரக் கத்தலாம். யாரும் கேட்க முடியாது. ஆட்டைத் திட்டினார் அவ்வளவுதான். நேரில் சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்தில் நிற்கும் ஒன்றைப் பார்த்துச் சொல்லுகிற ஜாடைப் பேச்சில் அவருக்கு நிகர் அவர்தான். சில நேரம் எனக்குச் சொல்ல வேண்டியதையும் பச்சமுத்துவிடம் சொல்லியிருக்கிறார். புரிந்துகொண்டு கீழே இறங்கியிருக்கிறேன்.

இன்னொரு பழக்கம், மூடி வைப்பது. மொண்டு வைத்த தண்ணீர் திறந்து கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. வீட்டில் குடத்துக்கு, சட்டிக்கு, துணி அலசும் பக்கெட்டுக்குக்கூடத் தட்டு உண்டாம். மலையில் தட்டுக்கு எங்கே போவது? கேனின் மேல் ஓர் இலையைப் போட்டு, இலை பறக்காமல் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நான் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தால், "தண்ணிய தொறந்து போடறவன்லாம் ஒரு மனுசனா, பச்சமுத்து?" என்று கேட்பார்.

அவருடைய விரோதி மலையின் அந்தப் பக்கம், மேற்கே இருக்கிறார். பெயர் முருகையன். சுமலதா அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அந்தாண்ட ஆளு' என்பார். முருகையனும் ஆடு வளர்ப்பவர், அதே ஊர், அடுத்த தெரு. ஒரு காலத்தில் சுமலதா அவரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவர்தான். கெடுத்தது ஒரு குட்டி.

சில வருடங்களுக்கு முன்னால் ஐப்பசி மழையில் இரண்டு மந்தைகளும் ஒரே பாறைக்கடியில் ஒதுங்கியிருக்கின்றன. மழை விட்டுப் பார்த்தால் இவருடைய ஆடு ஒன்றும் அவருடைய ஆடு ஒன்றும் குட்டி போட்டிருந்தன. ஒரு குட்டி செத்துக் கிடந்தது. ஒரு குட்டி உயிரோடு, ஒரு காது மட்டும் வெள்ளையாக, நின்றுகொண்டிருந்தது. இரண்டு தாயும் அதை நக்கிக் கொடுத்தன. அதுவும் பேதம் பார்க்காமல் இரண்டிலும் பால் குடித்தது. யாருடைய குட்டி? ஊரில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு தாயையும் எதிரெதிரே கட்டிவிட்டுக் குட்டியை நடுவில் விட்டார்கள். அது நேராகப் போய்ப் பெரிய மனிதர் ஒருவருடைய வேட்டி நுனியைச் சப்பத் தொடங்கியது. கடைசியில் முருகையனின் ஆட்டுக்குத்தான் மடி கனத்திருக்கிறது என்று சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

கூட்டம் நடந்தது முருகையன் வீட்டு வாசலில். அழுது கத்திய சுமலதாவுக்கு அவர் மனைவி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். சுமலதா அதை வாங்கி, எல்லாரும் பார்க்கத் தரையில் ஊற்றினார். "உங்க வூட்டு தண்ணி என் தொண்டைல எறங்காது." முருகையன் சும்மா இருப்பாரா? "இவ கையால ஒரு வாய் தண்ணி நானும் குடிக்கமாட்டேன், செத்தாலும்" என்றாராம். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணம், காது குத்து, சாவு எதற்கும் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை.

ஆனால் சுனை ஒன்றுதானே இருக்கிறது? கோடையில் அந்த மலையில் வேறு தண்ணீர் கிடையாது. கீழே ஏரிக்கரைக்கு அந்தப் புறம் ஒரு மோட்டார் கொட்டகைத் தொட்டி உண்டு. வெயிலில் மந்தையை அங்கே ஓட்டிப்போய்த் திரும்பினால் ஆடு குடித்த தண்ணீர் வழியிலேயே வற்றிவிடும். கத்திரி வெயிலில் சுனையில் ஒரு நாளைக்கு ஊறுவதோ ஒரு மந்தைக்குத்தான் காணும். ஆகவே ஒரு நாள் இவருக்கு, ஒரு நாள் அவருக்கு. பேசிக்கொள்ளாத இரண்டு பேர் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நடத்தியது அந்தக் கொட்டாங்குச்சி.

சுனையின் இரண்டு வாயிலும் கையகலத்துக்கு ஒரு பாறைத் திட்டு உண்டு. இன்றைக்குத் தண்ணீர் எடுத்தவர், வேலை முடிந்ததும் உள்ளே கையை நீட்டி, கொட்டாங்குச்சியை அடுத்தவர் பக்கத்துத் திட்டில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். நாளைக்கு உன் முறை என்று அர்த்தம். அது யார் பக்கம் இருக்கிறதோ தண்ணீர் அவருக்கு. அவ்வளவுதான் சட்டம். யார் ஏற்படுத்தியது என்று கேட்டால் சுமலதாவுக்குத் தெரியவில்லை. அந்தாண்ட ஆளு ஒருநாள் இப்படி வைத்தாராம், இவருக்குப் புரிந்துவிட்டதாம்.

"அவர் வீட்டுத் தண்ணீர் இறங்காது என்கிறீர்கள். இது மட்டும் இறங்குகிறதே?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"இது மல தண்ணி சார். அவன் வூட்டு தண்ணியா?"

அந்த வெள்ளைக்காதுக்காரி வளர்ந்து பெரிய ஆடாகிவிட்டாள். அவளுக்கு இரண்டு மந்தைக்கும் நடுவே எல்லைக்கோடு எதுவும் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து பாறைமேல் ஏறி இந்தப் பக்கம் குதித்துவிடுவாள். "த்தா, போ, இன்னாத்துக்கு இங்க வர? நீ எனக்கு இல்லன்னுதான் ஊரே சொல்லிட்சே" என்று சுமலதா விரட்டுவார். விரட்டிக்கொண்டே வேலிக்காத்தான் காயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார். அது தின்னும்போது வெள்ளைக் காதை மடித்துப் பிடித்து உண்ணி பொறுக்குவார். நான் பார்ப்பது தெரிந்தால், "உண்ணி இருந்தா நம்ம ஆட்டுக்கும் ஒட்டிக்கும், அதான்" என்பார். நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த வருடக் கத்திரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் போகும்போது மேற்குப் பக்கத்துச் சாலையில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்த பிறகு பக்கத்துக் குன்றுகளுக்கும் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். முதுகில் பை, கையில் குச்சி. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மேலே சுமலதா வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் தண்ணீர் எடுத்திருந்தார். இன்றைக்கு முருகையனின் முறை. ஆனால் காலையில் வந்து முள்ளை விலக்கிப் பார்த்தால் கொட்டாங்குச்சி இவர் பக்கத்துத் திட்டிலேயே இருந்ததாம், முந்தின நாள் விட்டுப்போன மஞ்சள் கேனுக்குப் பக்கத்தில்.

"உட்டுக் குடுத்துட்டான் சார். பயந்துட்டான்."

"எதற்குப் பயப்பட வேண்டும்? தவறுதலாக இருக்குமோ?"

"இன்னா தவறுதலு? வெச்சா வெச்சதுதான்."

சுனையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தண்ணீர் இருந்தது. அதையும் அவர் யோசிக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை மொண்டு வெளியே இருக்கும் ஒரு பாறைக் குழியில் ஊற்றினார். மஞ்சுவை முதலில் விட்டார். மற்றவை முட்டி மோதிக்கொண்டு குடித்தன. பிறகு முறைப்படி கொட்டாங்குச்சியை எடுத்து அந்தப் பக்கம் கவிழ்த்து வைத்தார். இறங்கும்போது இயர்போனில் வந்த பாட்டைக் கூடவே பாடிக்கொண்டு வந்தார். அவர் பாடி நான் கேட்டது அன்றுதான். நன்றாக இல்லை.

செவ்வாய்க்கிழமை போனபோது பாட்டும் இல்லை, வீடியோவும் இல்லை. என்னைப் பார்த்ததும், "வெள்ளக்காதி பூட்சு சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முருகையன் தன் முறை என்று மந்தையோடு சுனைக்கு வந்திருக்கிறார். அவர் பக்கத்து முள் பிடுங்கி வீசப்பட்டிருந்தது. கொட்டாங்குச்சி அவர் பக்கம் கவிழ்ந்திருந்தது. சுனையில் ஈரம் மட்டும் இருந்தது. உச்சி வெயிலில் ஆடுகளைக் கீழே ஓட்டியிருக்கிறார். மோட்டார் கொட்டகையில் கரண்ட் இல்லை, தொட்டி காய்ந்து கிடந்தது. தவித்துப்போன ஆடுகள் பக்கத்துக் கழனியில் பாய்ந்துவிட்டன. அன்று காலைதான் யூரியா போட்ட கழனி. மற்றவற்றை அடித்து விரட்டுவதற்குள் வெள்ளைக்காதி தேங்கிய தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டது. ஆட்டு டாக்டருக்குப் போன் போட்டு, அவர் வருவதற்குள் வயிறு உப்பி, கால் வெட்டி இழுத்து, முடிந்துவிட்டது.

சாயங்காலம் முருகையன் சுமலதாவின் தெருவில் வந்து நின்று கத்தியிருக்கிறார். சுனைத் தண்ணீரைத் திருடினவள், முள்ளைப் பிடுங்கிப் போட்டவள், கையில் கிடைக்காத ஆட்டைக் கொன்று தீர்த்தவள் என்று. தெருவே வெளியே வந்து பார்த்தது.

"நான் திருடுனேனா சார்? கொட்டாங்குச்சி என் பக்கம் இருந்துச்சா இல்லியா? நீங்களே சொல்லுங்க. முள்ள நான் எதுக்கு சார் புடுங்கறேன்? என் கையி அந்தாண்ட முள்ளு வரைக்கும் எட்டுமா?" என்றார். குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. பிறகு, "செத்தா சாவட்டும். ஊரு கூடி அவனுக்கு குடுத்த ஆடுதான?" என்றார். சட்டைப் பையில் கையை விட்டார். வேலிக்காத்தான் காய் இருந்தது. அதை வெளியே எடுக்காமல் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த இரண்டு பேருக்கும் மட்டுமே வரக்கூடிய கேடு. கொட்டாங்குச்சி முருகையன் பக்கம் கிடந்தது. அவருடைய முறை. அவர் வரவில்லை. திருடி மிச்சம் வைத்த தண்ணீர் தனக்கு வேண்டாம் என்று மோட்டார் தொட்டிக்கே போய்க்கொண்டிருந்தார். சுனை ஊறி நிறைந்தது. ஆனால் முறை அவருடையது. அவர் எடுத்துவிட்டு இந்தப் பக்கம் கவிழ்த்தால்தான் இவருக்கு. சுமலதா தினமும் காலையில் வந்து, முள்ளை விலக்கி, படுத்து, உள்ளே எட்டிப் பார்ப்பார். கொட்டாங்குச்சி அந்தப் பக்கமே இருக்கும். எழுந்து முள்ளை வைத்து மூடிவிடுவார்.

"தண்ணீர் வீணாகத்தானே கிடக்கிறது? எடுத்துக் கொடுங்களேன். மஞ்சு பாவம்" என்றேன். மஞ்சுவுக்கு நாள் நெருங்கிவிட்டது. வயிறு இரண்டு பக்கமும் சரிந்து, நாலு அடிக்கு ஒருதரம் நின்று நின்று நடந்தது.

"மொற இல்லாதப்ப எடுத்தாதான் திருட்டு சார். அன்னிக்கி நான் எடுத்தது திருட்டு இல்ல. இப்ப எடுத்தா திருட்டு."

அவரும் மந்தையை இறக்கி ஓட்டினார். இரண்டு மந்தைகளும் கீழே காய்ந்த தொட்டியில் மோட்டார் ஓடும் நேரத்துக்குக் காத்துக் கிடந்தன. மேலே சுனை நிறைந்து, இரண்டு வாயிலும் முள் வைத்து மூடி, சும்மா இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் போனபோது சுமலதா பாறை நிழலில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். பார்ப்பது மாதிரி இல்லை, கை மட்டும் பழக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. திடீரென்று கை நின்றது. "சார், இங்க வாங்க" என்றார்.

யாரோ போட்ட ஒரு வீடியோ. 'செஞ்சி பக்கத்துல யாருக்கும் தெரியாத ரகசியச் சுனை' என்று மேலே எழுதியிருந்தது. பின்னால் ஒரு பாட்டு. ஒரு கை முள்ளை இழுத்து எறிகிறது. ஓர் இளம்பெண் படுத்து உள்ளே தலையை விடுகிறாள். காமிராவும் கூடவே உள்ளே போகிறது. கொட்டாங்குச்சி முருகையன் பக்கத்துத் திட்டில், அவள் முகத்துக்குப் பக்கத்தில், கவிழ்ந்து கிடக்கிறது. எதிர்ப் பக்கத்து வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் கேன் தெரிகிறது. அவள் மொண்டு குடிக்கிறாள், முகத்தில் தெளித்துக்கொள்கிறாள், சிரிக்கிறாள். இன்னொரு கை வந்து வாங்குகிறது. வரிசையாகக் குடிக்கிறார்கள். கடைசியில் அந்தப் பெண் கையை நீட்டி, கொட்டாங்குச்சியை அழகாக மஞ்சள் கேனுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்கிறாள். படம் நன்றாக வரும் என்று வைத்திருப்பாள். முள்ளைத் திருப்பி வைக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

சுமலதா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கேன் தெரிகிற இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. "பிரச்சினை தீர்ந்தது. இதை முருகையனுக்குக் காட்டிவிடுங்கள். தெருவில் நின்று கத்தினாரே, தெருவுக்கே காட்டுங்கள். உங்கள்மேல் தப்பில்லை என்று ஆகிவிடும்" என்றேன்.

"அவனுது பட்டன் போனு சார்."

"அவர் மகன் பிரசாந்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் நான் போய்க் காட்டுகிறேன்."

சுமலதா போனை அணைத்து முழுக்கைச் சட்டைப் பையில் போட்டார். மஞ்சு பக்கத்தில் வந்து படுத்தது. அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஆட்டையும் பார்க்காமல் பேசினார். ஜாடையாக இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது குறைவு.

"அவன் உட்டுக் குடுக்கற ஆளா சார்? எனக்குத் தெரியாதா? எத்தினி வருசமா பாக்கறேன், ஒரு நாளு கூட தப்பா வெச்சதில்ல அவன். கொட்டாங்குச்சி என் பக்கம் இருக்கக் கண்டு எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. தண்ணி வேற கொறவா இருந்துச்சு. இருந்தும் வாய மூடிக்னு எடுத்தேன். அவன் ஆடு ஒரு நாளு தவிக்கட்டும்னுதான் எடுத்தேன்." பிறகு, "இத காட்னா நான் நல்லவள்னு ஆவும். அவ்ளோதான" என்றார்.

அன்று சீக்கிரமே இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே இறங்கினேன்.

மறுநாள் எனக்கு நடை நாள் அல்ல. இருந்தாலும் போனேன். எட்டு மணிக்கே வெயில் சுட்டது. மலையின் அந்தப் பக்கத்தில் ஆட்டு மணிகளின் சத்தம் கேட்டது. முருகையன் மந்தையை மேய விட்டிருக்கிறார். சுனைப் பக்கம் வராமல், கொஞ்சம் கீழேயே. இந்தப் பக்கம் சுமலதா முள்ளை விலக்கிவிட்டுப் படுத்திருந்தார். தலையும் வலது கையும் உள்ளே. போன் எங்கேயும் காணோம். தண்ணீர் வாடை பிடித்த ஆடுகள் அவர் காலைச் சுற்றி நின்று கத்தின. மஞ்சு அவர் முதுகுச் சட்டையைக் கடித்து இழுத்தது. மஞ்சள் கேன் கவிழ்ந்தபடியே வெளியே கிடந்தது.

நான் பாறைக்குப் பக்கத்தில் குந்தி உள்ளே பார்த்தேன். சுனை விளிம்பு வரை நிறைந்திருந்தது. சுமலதா கையை எட்டிப்போட்டு எதிர்த் திட்டிலிருந்த கொட்டாங்குச்சியை எடுத்தார். நிறைய மொண்டார். மொண்டதை இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை. படுத்தவாக்கில் கையை முழுசாக நீட்டி, அந்தப் பக்கத்துத் திட்டில் நிமிர்த்தி வைக்கப் பார்த்தார். அது சாய்ந்து தண்ணீர் கொட்டிவிட்டது. "ச்சே" என்றார். மறுபடி மொண்டார். இந்த முறை அடியில் ஒரு சில்லுக்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தார். நின்றது. கையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

அந்தப் பக்கத்து மணிச் சத்தம் நெருங்கி வந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சுமலதா தலையை வெளியே இழுத்து, எழுந்து உட்கார்ந்து, மலை முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"ஏண்டீ மஞ்சு, இழுக்காத. இன்னிக்கி நம்ம மொற இல்ல. அன்னிக்கி எடுத்ததும் நம்ம மொற இல்ல, தெரியுதா? மொறக்காரங்க வந்து குடிக்கட்டும். நீ தாங்குவ, நடடீ!"

மணிச் சத்தம் நின்றது. ஓர் ஆடு மட்டும் எங்கேயோ கத்தியது. சுமலதா மந்தையை ஏரிப் பக்கம் திருப்பினார். பச்சமுத்து முன்னால் நடக்க, மற்றவை பின்னால் போயின. கடைசியில் மஞ்சு. நானும் எழுந்துகொண்டேன். நாலு பாறை இறங்கியிருப்போம். சுமலதா சட்டென்று நின்று, "தொறந்து வெச்சிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடினார். வெப்பாலைச் செடியில் நல்ல அகலமான இலையாகப் பார்த்து ஒன்று பறித்துத் துண்டில் துடைத்தார். மறுபடி படுத்தார், தலையும் கையும் உள்ளே போயின. கொட்டாங்குச்சியை இலையால் மூடி, இலை பறக்காமல் ஒரு சின்னக் கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார்.